வேலும் கரையும்

மழை தவறினால் தவறு யாருடையது? மதுரைச் சீமையில் இந்தக் கேள்விக்கு மூன்று பழைய பதில்கள் புழங்கி வந்திருக்கின்றன.

முதல் பதில் தெய்வத்தைப் பார்த்துச் சொல்வது. புரட்டாசிக் கடைசி வெள்ளியன்று திருப்பரங்குன்றம் கோயிலிலிருந்து வேல் மலைமேல் போகிறது. இங்கே கருவறைத் திருவுருவங்கள் பாறையிலேயே செதுக்கப்பட்டவை. அதனால் அபிஷேகம் வேலுக்குத்தான். அந்த வேலை மலைமேல் உள்ள காசி விசுவநாதர் கோயில் சுனைக்கு எடுத்துச் சென்று நீராட்டி, மழை பெய்ய வேண்டும், வெள்ளாமை விளைய வேண்டும் என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்கள் வேண்டிக்கொள்கிறார்கள். திடலில் கூடி நடத்தும் மழைத் தொழுகைக்கும் தேவாலயத்து மழை மன்றாட்டுக்கும் அடிப்படை இதுவே. மழை என்பது கேட்டுப் பெறுவது. கொடுப்பவன் கொடுக்காமலும் இருக்கலாம். 2019 வறட்சியின்போது கோயில்களில் மழை வேண்டி யாகம் நடத்தும்படி அறநிலையத் துறையே சுற்றறிக்கை அனுப்பியது.

இரண்டாவது பதில் அரசனைக் கைகாட்டுகிறது. கோல் வளைந்தால் வானம் வறண்டுபோகும் என்பது திருக்குறளின் கொடுங்கோன்மை அதிகாரம் சொல்லும் கருத்து. திருவிளையாடற் புராணத்து உக்கிரபாண்டியன் கதைகள் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன. அவன் பொங்கி வந்த கடல்மேல் வேலை எறிகிறான். மழை மேகங்களைப் பிடித்துச் சிறையில் அடைக்கிறான். பஞ்சத்தின்போது மேரு மலையைச் செண்டால் அடித்துப் பொன் வாங்கிவருகிறான். வானத்துக்கும் குடிகளுக்கும் நடுவில் நின்று பதில் சொல்ல வேண்டியவன் அரசன்.

மூன்றாவது பதில் கொடும்பாவி. மழை பொய்த்த ஆண்டில் வைக்கோலால் ஓர் உருவம் கட்டி, ஒப்பாரி வைத்துத் தெருத்தெருவாக இழுத்துப் போய்க் கொளுத்துவது தமிழ்நாட்டுக் கிராமங்களின் வழக்கம். யாரோ ஒரு பெரும்பாவி இருக்கிறான், அவன் தொலைந்தால் மழை வரும் என்பது அதன் உட்பொருள். அந்தப் பாவி யார் என்று பெயர் சொல்லாமல் விடுவதில்தான் இந்தச் சடங்கின் சாமர்த்தியம் இருக்கிறது.

இந்த மூன்றையும் பகுத்தறிவாளர்கள் மூடநம்பிக்கை என்று தள்ளினார்கள். மனிதன் நடத்தைக்கும் மேகத்துக்கும் என்ன சம்பந்தம் என்பது அன்று நியாயமான கேள்விதான். அந்தச் சம்பந்தத்தை இன்று இயற்பியலே எழுதிக் காட்டுகிறது. ஆனால் அது பார்ப்பது நல்லவர் கெட்டவர் கணக்கை அல்ல, டன் கணக்கை. மனிதர் செயலால் வானம் மாறுகிறது என்பது உறுதியான பிறகு, அந்தச் செயலை எந்த வகை வினை என்று சொல்வது, அதைச் செய்தவர் யார், பலனைத் துய்ப்பவர் யார் என்ற கேள்விகள் சமயத்தின் வாசலுக்கே திரும்பி வருகின்றன. பரங்குன்றத்தில் சமணர் படுக்கை, முருகன் கோயில், சிக்கந்தர் பாதுஷா தர்கா மூன்றும் ஒரே பாறையில் இருக்கின்றன. இக்கேள்விகளுக்கு வெவ்வேறு விதமாகப் பதில் சொல்லக்கூடிய மரபுகள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடங்கள் அதிகமில்லை.

குன்றின் குடைவரைக் கல்வெட்டு ஒன்று கலியாண்டு 3874 என்று காலம் குறிக்கிறது. அது கி.பி. 773, மாறன் சடையனின் ஆறாம் ஆட்சியாண்டு. அரசனின் அதிகாரி சாத்தன் கணபதி இங்கே கோயிலையும் திருக்குளத்தையும் திருத்தியதையும், அவன் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டை என்ற மூத்த தேவிக்கும் கோயில் எடுத்ததையும் அது சொல்கிறது. உளிச்சத்தம் கேட்ட அந்த நாளில் குன்றைச் சூழ்ந்த காற்றில், பத்து லட்சம் பங்குக்கு ஏறத்தாழ 280 பங்கு கரியமில வாயு இருந்தது. துருவப் பனிக்குள் சிறைப்பட்ட பழங்காற்றுக் குமிழிகளை அளந்து இதை அறிந்திருக்கிறார்கள். சமணர் படுக்கைகளில் தமிழி எழுத்துகள் பொறிக்கப்பட்டபோதும் கிட்டத்தட்ட இதே அளவு. பல நூற்றாண்டு கழித்து நாயக்கர் காலத் தூண்கள் நடப்பட்டபோதும் பெரிய மாற்றமில்லை. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958இல் நேரடியாக அளக்கத் தொடங்கியபோது அது 315 ஆகியிருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

இந்த வாயு என்ன செய்கிறது என்பதில் மர்மம் ஒன்றுமில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த பாறை இரவில் அனலாகத் திருப்பி விடுவதை மலையடிவாரத்தில் குடியிருப்பவர்கள் உடம்பால் அறிவார்கள். பூமியும் அப்படித்தான் தான் வாங்கிய வெப்பத்தை விண்வெளிக்குத் திருப்பி விடுகிறது. கரியமில வாயு அதில் ஒரு பகுதியைப் போகவிடாமல் பிடித்து மறுபடி தரைக்கு அனுப்புகிறது. வெயிலில் வைத்த கண்ணாடிக் குழாய்களில் இந்த வாயு கூடுதலாகச் சூடேறுவதை யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1856இல் காட்டினார். 1859இல் ஜான் டிண்டல் அதைத் துல்லியமாக அளந்தார். நிலக்கரி எரிப்பதால் பூமி எவ்வளவு சூடாகும் என்ற கணக்கை 1896இல் ஸ்வாந்தே அரீனியஸ் போட்டுப் பார்த்தார். கூடுதலாக வந்த கரி மனிதன் எரித்த நிலக்கரியும் எண்ணெயும்தான் என்பதற்கும் அடையாளம் இருக்கிறது. பல கோடி ஆண்டு மண்ணுக்குள் கிடந்த கரியில் கதிரியக்கக் கார்பன் அழிந்து போயிருக்கும். காற்றிலும் அதன் விகிதம் அதற்கேற்பத் தேய்ந்து வருகிறது. சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். அதுவோ குளிர்ந்து வருகிறது, கீழடுக்கு மட்டும் சூடாகிறது.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் தூத்துக்குடி அனல்மின் நிலையமும் இந்தக் கணக்கில் எளிதில் கண்ணுக்குத் தெரிகிறவை. தெரியாதவையும் உண்டு. அரியலூரில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டு சிமெண்டு ஆக்கும்போது, சூளை எரிபொருளின் புகை போக, அந்தக் கல்லுக்குள் இருந்த கரியமில வாயுவும் வெளியேறுகிறது. தண்ணீர் கட்டி நிற்கும் நெல் வயலின் சேற்றிலிருந்தும் மாடு அசைபோடும்போதும் மீத்தேன் வருகிறது. யூரியா போட்ட மண்ணிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வருகிறது. காடு வெட்டினால் அதில் கட்டியிருந்த கரி காற்றுக்குப் போகிறது. பன்னாட்டுக் காலநிலைக் குழு 2021இல், இந்தச் சூடு மனிதரால் வந்தது என்பதில் ஐயத்துக்கே இடமில்லை என்று எழுதியது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியோடு ஒப்பிட்டால் 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டின் சூடு சராசரியாக 1.1 பாகை அதிகம். 2024 என்ற ஓராண்டை மட்டும் எடுத்தால் அது 1.5 பாகையைத் தாண்டியது.

தமிழ் இலக்கண மரபில் நிலத்தையும் மனிதரையும் சேர்த்துப் பார்க்க ஒரு பழைய சட்டகம் இருக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வமும் மரமும் விலங்கும் தொழிலும் கருப்பொருள். மனிதர் உள்ளத்தில் நிகழ்வது உரிப்பொருள். எது முதல் என்பதில் தொல்காப்பியத்துக்குத் தயக்கமில்லை. பருவம் தவறாமல் வரும் என்ற நம்பிக்கையின் மேல்தான் பிரிவும் காத்திருப்பும் கூடலும் கட்டப்பட்டிருக்கின்றன. பரங்குன்றத்துக்கும் வைகைக்கும் பரிபாடல் கொடுத்த இடமும் இப்படிப்பட்டது. இன்று முழுமையாகக் கிடைக்கும் 22 பாடல்களில் செவ்வேளுக்கு எட்டு, வையைக்கு எட்டு. மலையையும் வெள்ளத்தையும் சரிசமமாகப் பாடிய நூல் அது. அந்த மரபில் பாலை தனி நிலமாகக் கருதப்படவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்து எடுக்கும் கோலமே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. பாலையை ஓர் இடமாகக் கொள்ளாமல் ஒரு நிலைமையாகக் கொண்ட இந்தப் பார்வை, காலநிலை மாற்றத்தைப் பற்றி இன்று எழுதப்படும் பல விளக்கங்களைவிடக் கூர்மையானது.

குறிஞ்சித் தெய்வத்தின் மலையடிவாரம் நெடுங்காலம் மருத நிலம். வைகைத் தண்ணீர் வந்து சேரும் தென்கால் கண்மாயும் நிலையூர்க் கண்மாயும் அதை மருதமாக வைத்திருந்தன. இன்று வயல்களில் பெரும்பகுதி மனைகளாகிவிட்டது. வெப்பத்தை வாங்கிவைக்கும் கான்கிரீட்டு, பாறையோடு போட்டி போடுகிறது. இன்னொரு பக்கம், காற்று ஒரு பாகை சூடேறினால் ஏறத்தாழ ஏழு விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால் மழை வரும்போது கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் பெய்த 95 செ.மீ., மதுரை ஓராண்டில் பெறும் சராசரி மழையைவிட அதிகம். 2024 அக்டோபர் 25 அன்று ஒரு பிற்பகல் மழையில் மதுரையின் செல்லூர்ப் பகுதி மூழ்கியது. இவற்றில் ஏதாவது ஒரு மழையைக் காட்டி இது இந்தப் புகையால் வந்தது என்று ஆணையிட்டுச் சொல்ல முடியாது. சகுனியின் தாயத்தில் எந்த வீச்சு தானாக விழுந்தது, எது அவன் சொல்லுக்கு விழுந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாததைப் போல. ஆனால் தாயம் சூதுத்தாயம் என்பதில் சந்தேகமில்லை.

இனி வினை. தமிழில் இந்த ஒரு சொல்லே செயலையும் செயலின் பயனையும் குறிக்கிறது. இரண்டையும் பிரிக்க முடியாது என்ற நம்பிக்கை அகராதியிலேயே ஏறியிருக்கிறது.

பரங்குன்றம் மதுரையைச் சுற்றியிருந்த சமணரின் எண்பெருங்குன்றங்களில் ஒன்றாக எண்ணப்பட்டது. இங்கே படுத்து எழுந்த துறவிகளின் கொள்கைப்படி வினை ஒரு கருத்தல்ல, பொருள். கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாக அது உயிருக்குள் வந்து ஒட்டுகிறது. மண், நீர், தீ, காற்று, மரம் ஆகியவற்றை உடலாகக் கொண்ட உயிர்களும் உண்டு. அவற்றுக்குச் செய்யும் துன்பமும் வினையே. செய்தவர் அறியாமல் செய்தாலும் வினை வினைதான். பௌத்தர் இதை மறுத்தனர். அவர்களுக்கு வினை என்பது எண்ணம். எண்ணம் இல்லாத செயல் தீயில் வறுத்த விதை போன்றது. புத்தருக்கும் நிகண்டர் எனப்பட்ட சமணருக்கும் நடந்த வாதங்களில் மனத்தின் செயல் பெரிதா உடம்பின் செயல் பெரிதா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

காலநிலை மாற்றம் இந்தப் பழைய வழக்கை மறுபடி எடுக்கிறது. காலையில் பெரியார் பேருந்து நிலையத்துக்கு மோட்டார் சைக்கிளைக் கிளப்புகிறவர் யார்மேலும் வெயிலை ஏவ நினைக்கவில்லை. நினைப்பை மட்டும் பார்த்தால் இங்கே குற்றவாளியே இல்லை, விளைவோ இருக்கிறது. எண்ணத்தை முதலாகக் கொள்ளும் எந்த அறநூலும் இந்த இடத்தில் திணறும். துகள் கணக்குப் பார்க்கும் சமணம் திணறாது. ஆயினும் அது மனத்தை அறவே விலக்கவில்லை. சினம், செருக்கு, மாயம், உலோபம் என்ற நான்கும் வினைத்துகளை உயிரோடு ஒட்டவைக்கும் பசை என்கிறது. அறியாமல் விட்ட புகைக்கும், அறிந்த பிறகு இலாபத்துக்காக விட்ட புகைக்கும் வேறுபாடு காட்ட இந்த நுணுக்கம் உதவும். பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் முதல் அறிக்கை வந்தது 1990இல். 1850 முதல் 2019 வரை மனிதர் வெளியிட்ட கரியமில வாயுவில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் அந்த ஆண்டுக்குப் பிறகு வெளிவந்தது. அறியாமை என்ற வாதம் பாதிக் கணக்குக்குத்தான் செல்லும்.

இதே சமண மரபில் வந்த நீலகேசி இன்னொரு முக்கியமான வழக்கை நடத்துகிறது. கொன்றவன் வேறு, வாங்கித் தின்றவன் வேறு, ஆகவே தின்றவனுக்குப் பாவமில்லை என்ற பௌத்தர் வாதத்தை அது ஏற்கவில்லை. வாங்குபவன்தான் கொலையை வரவழைக்கிறான் என்று அது வாதிடுகிறது. புலால் மறுத்தலில் வள்ளுவர் எடுக்கும் நிலையும் அதுவே. சீனத்துத் தொழிற்சாலையில் புகை எழுகிறது, பொருள் ஐரோப்பிய வீட்டுக்குப் போகிறது. அந்தப் புகை யார் கணக்கு? பொருளாதார அறிஞர்கள் நுகர்வுவழிக் கணக்கு என்று இன்று பேசுவது நீலகேசி எழுப்பிய கேள்வியின் மறுபதிப்பு. அந்தக் கணக்குப்படி உலகின் செல்வமிக்க பத்தில் ஒரு பங்குக் குடும்பங்கள், வீட்டு நுகர்வால் வரும் வெளியேற்றத்தில் 34 முதல் 45 விழுக்காட்டுக்குப் பொறுப்பாகின்றன.

சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. பல பிறவிகளில் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகரும் பிராரத்தம், நுகரும்போதே புதிதாகச் சேர்க்கும் ஆகாமியம். காலநிலை அறிவியலைத் தமிழில் விளக்க இதைவிட நல்ல சட்டகம் கிடைப்பது அரிது. ஆலைகளும் நீராவி இயந்திரங்களும் வந்த நாளிலிருந்து காற்றில் குவிந்து கிடக்கும் கரி சஞ்சிதம். அதில் ஒரு பங்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காற்றிலேயே தங்கும். இன்றைய வெயிலும் வெள்ளமும் பிராரத்தம். இன்று எரியும் நிலக்கரி ஆகாமியம். சூடு தாளாமல் ஏ.சி. போட்டு, அதற்கான மின்சாரத்துக்கு மேலும் நிலக்கரி எரிப்பது, நுகரும்போதே வினையேற்றுவதற்குச் சித்தாந்த உரையாசிரியர்களுக்கே கிடைக்காத எடுத்துக்காட்டு.

ஆனால் உவமை இங்கே உடைகிறது. சித்தாந்தத்தில் வினை சடம். தானாகப் போய்ச் செய்தவனைச் சேரத் தெரியாது. செய்தவனை அறிந்து அவனுக்கே ஊட்டுவது இறைவன் வேலை. கரியமில வாயுவை அப்படி முகவரி பார்த்துச் சேர்ப்பிப்பவர் யாரும் இல்லை. எங்கே விட்டாலும் ஓராண்டு இரண்டாண்டில் உலகெங்கும் கலந்துவிடும். வரலாற்றுக் கணக்கில் சுமார் கால்பங்கு அமெரிக்காவுடையது. உலக மக்களில் ஆறில் ஒரு பங்கைக் கொண்ட இந்தியாவின் பங்கு நான்கு விழுக்காட்டுக்கும் குறைவு. இன்றும் இந்தியர் ஒருவரின் சராசரி ஆண்டுக்கு இரண்டு டன்னை ஒட்டி இருக்க, அமெரிக்கர் ஒருவரின் சராசரி பதினான்கு டன் அளவில் இருக்கிறது. வெயில் இந்த விகிதம் பார்த்து விழுவதில்லை. கல் உடைப்பவர், சித்தாள் வேலைக்குப் போகும் பெண், நூறு நாள் வேலையில் கண்மாய் மண் அள்ளும் கிழவி ஆகியோர் அதை முதலில் வாங்குகிறார்கள். பிறக்காத பிள்ளைகள் பிறகு வாங்குவார்கள்.

இந்த இடத்தில் வினைக் கோட்பாட்டைத் தவறாகப் பயன்படுத்தும் ஆபத்து மிகப் பெரியது. வெயிலில் மயங்கி விழுந்த கூலியாளைப் பார்த்து, அது அவர் முற்பிறப்பில் செய்தது என்று சொல்வது எளிது; சொல்லியும் வந்திருக்கிறார்கள். செய்தவர் யார் என்று தெரியாத துன்பத்துக்கு அப்படி ஒரு விளக்கம் ஆறுதலாகலாம். செய்தவர் யார், எந்த ஆண்டில், எத்தனை டன் என்று பதிவேடு இருக்கும் துன்பத்துக்கு அதே விளக்கம், உண்மையான வினையாளரை ஒளித்துவைக்கும் திரையாகிவிடும். ‘கலி முத்திப்போச்சு’ என்று பெருமூச்சு விடுவதும் இந்த வகைதான். குடைவரைக் கல்வெட்டிலும் கலி இருக்கிறது, ஆண்டு எண்ணுவதற்காக. கலியாண்டு 3874 என்று வெட்டிவிட்டுக் கைகட்டி நிற்காமல், குளத்தைத் திருத்திய செய்தியை அடுத்து வெட்டியிருக்கிறார்கள்.

மலைமேல் தர்காவுக்குரிய மரபு வினையை இப்படிப் பிறவிகளில் பரப்பிப் பார்ப்பதில்லை. பூமி மனிதனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதில் இறைவன் வைத்த சமநிலையைக் குலைத்தால் ஒப்படைத்தவனிடம் பதில் சொல்ல வேண்டும். 2015 ஆகஸ்டில் இஸ்தான்புல்லில் முஸ்லிம் அறிஞர்கள் வெளியிட்ட காலநிலைப் பிரகடனம் இந்த அடிப்படையில் எழுந்தது. அதே ஆண்டு சில மாதங்களுக்கு முன் போப் பிரான்சிஸ் எழுதிய ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலும், பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் ஒன்றே என்ற திசையில் செல்கிறது. அமானிதக் கருத்தின் வலிமை, அது தள்ளிப்போட இடம் தராதது. அதன் மெலிவு, ஒப்படைக்கப்பட்டவர் எண்ணூறு கோடிப் பேர் என்னும்போது தெரிகிறது. எல்லோரும் பொறுப்பு என்றால் யார் முதலில் மண்வெட்டியை எடுப்பது?

அந்தக் கேள்விக்கு மதுரை ஒரு கதை வைத்திருக்கிறது. பாண்டியன் மாணிக்கவாசகரை வைகை மணலில் சுடுவெயிலில் நிறுத்தினான். வெயிலுக்குப் பதிலாக வைகையில் வெள்ளம் வந்தது. அது அரண்மனையோடு நிற்கவில்லை, ஊரையே கொண்டுபோக வந்தது. கரையை அளந்து வீட்டுக்கொரு பங்காகப் பிரித்து அடைக்கச் சொன்னான் அரசன். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கும் ஒரு பங்கு விழுந்தது, அவளுக்கு ஆளில்லை. உதிர்ந்த பிட்டுக்குக் கூலியாளாக வந்த சிவன் ஆடினார், பாடினார், தூங்கினார். அரசன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் மேல், அரசி மேல், அமைச்சர் மேல், கருவில் இருந்த பிள்ளை மேல், எல்லா உயிர் மேலும் விழுந்தது. அடித்தவனும் அடிபட்டவனும் வேறாக இல்லாமல் போன கணம் அது.

பக்திக் கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. வினை பற்றிய வாதமாகப் படித்தால் இதற்குள் வேறொரு பொருள் தெரிகிறது. ஒருவன் செய்த வெம்மை பொது வெள்ளமாகத் திரும்புகிறது. அதை அடைப்பதும் பொது வேலையாகிறது. ஆனால் பொது வேலையைச் சம பங்காகப் பிரித்ததுதான் அரசன் செய்த இரண்டாவது தவறு. ஆள்பலம் உள்ள வீட்டுக்கும் வந்தி வீட்டுக்கும் ஒரே நீளக் கரை என்பது பார்வைக்குச் சமம், நடைமுறையில் கொடுமை. 1992இல் ரியோ மாநாட்டுக்கு வந்த நாடுகள் கையெழுத்திட்ட ஐ.நா. காலநிலை உடன்படிக்கை, பொறுப்பு பொது, ஆனால் பங்கு வேறு என்ற விதியை எழுதியது. வந்திகளுக்கு ஆகும் சேதத்துக்கென்று ஒரு நிதி வேண்டும் என்பதை நாடுகள் ஒப்புக்கொள்ள 2022 எகிப்து மாநாடு வரை, முப்பது ஆண்டு ஆனது. அந்த நிதியில் விழுந்திருப்பது இன்னமும் உதிர்ந்த பிட்டளவுதான்.

கரை அடைக்கும் வேலை எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சமணரின் கலைச்சொற்களே போதும். வினை வந்து நுழைவது ஊற்று. நுழையாமல் அடைப்பது செறிப்பு. நுழைந்ததைக் கழிப்பது உதிர்ப்பு. பெரிய கண்மாயை வற்றச் செய்ய வேண்டுமானால் முதலில் வரத்துக்காலை அடைக்க வேண்டும், பிறகே உள்ளிருக்கும் நீர் இறைப்பாலும் வெயிலாலும் குறையும் என்று சமண நூல்கள் உவமை சொல்கின்றன. காலநிலை அறிவியலின் கண்டுபிடிப்பும் ஏறத்தாழ இதுதான். கரியமில வாயு வெளியேற்றம் நிகரமாக நின்றுவிட்டால் சூடு மேலும் ஏறுவது சில ஆண்டுகளில் ஏறத்தாழ நின்றுவிடும். ஏறிய சூடு இறங்குவதற்குத்தான் நூற்றாண்டுகள் ஆகும். செறிப்பு விரைவில் பலன் தரும், உதிர்ப்பு மெல்ல.

செறிப்பில் பெரிய மடை நிலக்கரி. இந்தியாவின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் அதிலிருந்து வருகிறது. 2070இல் நிகர சுழிய வெளியேற்றம் என்பது 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் நாடு கொடுத்த வாக்கு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை முப்பந்தல் காற்றாலைகள் பல பத்தாண்டுகளாக மின்சாரமாக்கி வருகின்றன. மதுரைக்குத் தென்கிழக்கே கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் எழுந்தது. இராமநாதபுரத்து வெயில் வறுமைக்கே அடையாளமாக இருந்த காலம் போய், விலை போகும் சரக்காகிவிட்டது. நெல்லில் செய்யக்கூடியது இதைவிட எளிது. எப்போதும் தண்ணீர் கட்டாமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் சேற்றில் மீத்தேன் உண்டாவது கணிசமாகக் குறைகிறது, தண்ணீரும் மிச்சம். மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டு அளவே தங்குவதால் இந்தச் சிக்கனத்தின் பலனை இந்தத் தலைமுறையே பார்க்கலாம். சிமெண்டில் அனல்மின் நிலையச் சாம்பலைக் கலப்பது இன்னொரு வழி. நிலக்கரி ஒழிந்தால் அந்தச் சாம்பலும் கிடைக்காது என்பது வேறு சிக்கல்.

உதிர்ப்புக்கு மரம். 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கைக் காடும் மரமுமாக ஆக்குவதை இலக்காக வைத்திருக்கிறது. மரம் நடுவது நல்லது. ஆனால் வரத்துக்காலைத் திறந்து வைத்துக்கொண்டு வாளியால் இறைக்கும் வேலையாக அது ஆகிவிடக் கூடாது. புகையை நிறுத்தாமல் எங்கோ ஒரு காட்டுக்குப் பணம் கட்டி ஈடு செய்துவிட்டதாகச் சொல்லும் கார்பன் வரவுச் சந்தை, பரிகாரச் சீட்டு வாங்கும் மனநிலையை அச்சாக ஒத்திருக்கிறது. நெய்விளக்கு ஏற்றுவதோடு தோஷம் தீர்ந்தது என்று நம்புகிறவரை மூத்த சித்தாந்திகள் மெச்சியதில்லை. கண்மாய் தூர்வாருவதையும் சீமைக்கருவேலம் வெட்டுவதையும் காலநிலை மாற்றத்தைத் தடுக்கும் பணி என்று மேடையில் சொல்வது இன்னொரு குழப்பம். அவை தடுப்பதில்லை, தாங்க உதவுகின்றன. வந்தே தீரும் பிராரத்தத்துக்கு அவை வேண்டும். ஆகாமியத்தை அவை குறைக்காது.

மாற்று வழிகளுக்கும் வினை உண்டு. மேலூர் அருகே அரிட்டாபட்டியில் சமணர் படுக்கையும் தமிழிக் கல்வெட்டும் சிவன் குடைவரையும் ஒரே மலைத்தொடரில் இருக்கின்றன. 2022 நவம்பரில் அது மாநிலத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது; பரப்பு 193.21 எக்டேர். இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், முக்கியக் கனிமங்களுக்கான ஏலத்தில் அந்த வட்டாரத்து டங்ஸ்டன் நிலம் விடப்பட்டது. ஊர்கள் திரண்டு எழுந்த பிறகு 2025 சனவரியில் ஏலம் ரத்தானது. புதிய தொழில்நுட்பங்களுக்குக் கனிமம் வேண்டும், கனிமத்துக்கு ஏதோ ஒரு மலை வேண்டும். கமுதியின் சூரியத் தகடுகளும் எங்கோ ஒரு குவாரியிலிருந்துதான் தொடங்குகின்றன. மண்ணுயிருக்கும் நோவு உண்டு என்ற சமணர் கணக்கில் குற்றமற்ற மின்சாரம் என்று ஒன்று இல்லை. குறைந்த குற்றமுள்ள மின்சாரம் உண்டு. இல்லறத்தாருக்கு அவர்கள் விதித்ததும் அளவுதான், முற்றத் துறப்பு அல்ல. அதை அணுவிரதம் என்றார்கள்.

மதுரையில் பிட்டுத் திருவிழா ஆவணி மூலத்தில் வருகிறது. அன்று வைகைக் கரை புட்டுத்தோப்பில் மண் சுமக்கும் லீலை நடக்கும்போது பாண்டியராசாவாக நிற்பவர் திருப்பரங்குன்றத்து முருகன். அதற்காகவே குன்றிலிருந்து புறப்பட்டுப் போகிறார். வேல் எடுத்து மழை கேட்பது அதற்கடுத்த புரட்டாசியில். ஐப்பசி மழைக்கு முன் இந்த வட்டாரத்துக் கோயில் நாட்காட்டியில் கரை வேலை முதலில் வருகிறது, வேண்டுதல் அதன் பின்னால்.